எட்டு நாள் பெருக்காத வீடு

பள்ளிக்கூட லேபில் குடுவை கழுவுவதுதான் அப்போது என் உத்தியோகம். ஆசிரியர் கேட்டால் அமில பாட்டிலை எடுத்துக் கொடுப்பேன், தராசைத் துடைத்து மூடி வைப்பேன், பிள்ளைகள் உடைத்துப் போட்ட கண்ணாடியை அள்ளுவேன். பத்தாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனாலும் வருஷக்கணக்கில் அந்த அறையில் நின்று நின்று, எதைப் பார்த்தாலும் இது எங்கிருந்து வந்தது, எவ்வளவு எடை, தண்ணீரில் கரையுமா என்று கேட்கும் வியாதி எனக்கு ஒட்டிக்கொண்டது. சாம்பாரைப் பற்றிக்கூட இப்படித்தான் விசாரிப்பேன். என் வீட்டுக்காரர் தொல்லை தாங்காமல் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

ஆடி மாதமாக இருந்தால் வாசலிலும் அவருக்கு நிம்மதி கிடையாது. தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் சைனைட் மேடு இருந்தது. தங்கக் கல்லை மாவாக அரைத்து, சைனைடு தண்ணீர் விட்டுத் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய மண்ணை எங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்து அங்கேதான் கொட்டினார்கள். மழைக்காலத்தில் அது இறுகிப்போய்ச் சாதுவாகக் கிடக்கும். ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் எழுந்து வீட்டுக்குள் வந்துவிடும். முகப்பவுடர் மாதிரி நைஸான மண். சோற்றில் இருக்கும், தலையணை உறையில் இருக்கும், காயப்போட்ட புடவையின் மடிப்பில் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் ரயிலிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன மலை?" என்று கேட்பார்கள். நாங்களும் ஏதோ ஒரு பேரைச் சொல்லிவைப்போம்.

பக்கத்து வீட்டுப் பெண் என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். அவள் கணவர் சுரங்கத்தில் கீழே இறங்கி வேலை செய்தவர். அவர்களுக்கு ஒரே மகள், நான் சொல்கிற சமயத்தில் அவளுக்கு ஆறு வயது. ஆடி பிறந்தால் அந்தக் குழந்தைக்கு இளைப்பு வந்துவிடும். மத்தியானம் நான் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தால், அந்தப் பக்கம் அவள் மூச்சை இழுத்து இழுத்து விடுவது கேட்கும். எண்ணிக்கொண்டே படுத்திருப்பேன். தூக்கம் வராது.

குழந்தையின் அம்மா படு சுத்தக்காரி. காலையில் பெருக்குவாள், மத்தியானம் பெருக்குவாள், விளக்கு வைக்கும் முன்னால் ஒருமுறை பெருக்குவாள். பெருக்கினால் தூசி எழும்பும், ஈரத்துணியால் துடை என்று நான் சொல்லப்போக, பெருக்கிய பிறகு துடைக்கவும் ஆரம்பித்துவிட்டாள். "தரையிலயே சோறு போட்டுத் துன்னலாம் போல கீதே, உனக்குத் தட்டு எதுக்கு?" என்று கேலி செய்வேன். அவள் சிரிக்கமாட்டாள். துணியைப் பிழிந்துகொண்டே இருப்பாள்.

அந்த வருஷம் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்தக் காற்றில் இந்தக் குழந்தை இருக்கக் கூடாது, வேறு ஊரில் சொந்தக்காரர்கள் இருந்தால் அனுப்பிவிடுங்கள் என்றார். குழந்தையின் அம்மாவுக்குக் குடியாத்தத்தில் அண்ணன் வீடு இருந்தது. ஆனால் அவளால் குழந்தையோடு போய் இருக்க முடியாது. வேலை இருந்தால்தான் இந்த வீடு, வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் பார்த்துச் சோறு கட்ட ஆள் வேண்டும். என் வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா, அனுப்பிட்டா அது என்ன மறந்துடுமா?"

ஆறுதல் சொல்லும் திறமை எனக்குக் கிடையாது. "மேட்டு மண்ணாலதான் இளைக்குதுன்னு எப்படித் தெரியும்? யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே அந்தக் கேள்வி பிடித்துப் போயிற்று. அப்படித்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஊரைத் திருத்த வேண்டும் என்ற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் லைனில் பன்னிரண்டு வீடுகளிலிருந்து ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு வாங்கினேன். கூரைமேல் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, அதில் விழுவதைத் தினமும் காலையில் கோழி இறகால் காகிதத்தில் தள்ளிப் பொட்டலம் கட்டினேன். பொட்டலத்தின்மேல் வீட்டு நம்பர். பள்ளிக்கூடம் விட்டதும் லேப் தராசில் நிறுத்துப் பார்ப்பேன். மேட்டுக்குப் பக்கத்து வீடுகளில் அதிகமாகவும் தள்ளியிருந்த வீடுகளில் குறைவாகவும் விழுந்தது. கோடி வீட்டில் மட்டும் கணக்கு உதைத்தது. மேட்டுக்கு ரொம்பத் தூரம், ஆனால் தட்டு நிறைய மண். நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு பார்த்தால் அந்த வீட்டுப் பையன்கள் கூரைமேல் ஏறிப் பட்டம் விடுகிறார்கள். அவர்கள் கால் மண்ணைத்தான் நான் நாலு நாளாக நிறுத்துக்கொண்டிருந்தேன்.

அறிவியல் ஆசிரியை ஒருநாள் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். வெளியில் பவுடராகத் தெரிந்தது உள்ளே உடைந்த கண்ணாடியாகத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் கூரான முனை. தினமும் நான் குப்பைத்தொட்டியில் அள்ளிப்போடும் சில்லுகள்தான், கண்ணுக்குத் தெரியாத அளவில். "உள்ள போனா திரும்பி வராதும்மா இது" என்றார் ஆசிரியை. நான் ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால், பயத்தைவிட ஆச்சரியம்தான் எனக்கு அதிகமாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தொழிலாளர் சங்கத்தில் மனு எழுதித் தரும் அண்ணன் ஒருவர் இருந்தார். மேட்டுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும், புல் நட்டு மண்ணைக் கட்ட வேண்டும் என்று பெங்களூரில் உள்ள அரசாங்க ஆபீசுக்கு அவர் எழுதினார். லைன் பெண்கள் எல்லோரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தோம். பெங்களூரிலிருந்து பதில் வந்தது. ஒரு அதிகாரி நேரில் வருவார், பொட்டலங்களை எல்லாம் ஏற்க முடியாது, இடத்தில் பார்ப்பதைத்தான் ஏற்போம் என்று எழுதியிருந்தது. நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அதிகாரி வரும்வரை தட்டுகளை யாரும் தொடாதீர்கள், விழுந்தது அப்படியே இருக்கட்டும். எல்லோரும் சரி என்று தலையாட்டினார்கள்.

அதிகாரி வருகிற அன்று காலையில் ஸ்டேஷனுக்குப் போய்ச் சங்கத்து அண்ணனும் நானும் அவரை அழைத்து வந்தோம். சந்தில் திரும்பும்போதே ஈர மண் வாசனை வந்தது. பன்னிரண்டு வாசலிலும் தண்ணீர் தெளித்துப் பெரிய பெரிய கோலம். ஜன்னல், கதவு, கூரைத் தகரம் எல்லாம் கழுவிச் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில், சுவரில் சாய்த்து, பன்னிரண்டு எவர்சில்வர் தட்டுகளும் வெயிலில் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தன.

அவள் என் காதருகே வந்து சந்தோஷமாகச் சொன்னாள். "பன்னெண்டையும் நானே தேச்சிட்டேன்க்கா. புளி போட்டு."

இதைப் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்கள் லைன்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வராது. எங்கள் அம்மாக்கள் காலத்தில் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் லைனைச் சுற்றிப் பார்க்க வருவார். சாக்கடை நாறினாலோ வாசலில் குப்பை இருந்தாலோ எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கிவிடுவார். அவர் வருகிறார் என்று தெரிந்தால் முதல் நாளே மொத்த லைனும் கழுவப்பட்டுவிடும். இன்ஸ்பெக்டர் வருவது நின்று போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பேன்ட் போட்டு ஃபைலோடு யார் வந்தாலும் எங்கள் பெண்களின் கை தானாகத் துடைப்பத்துக்குப் போகும். வருகிறவர் அழுக்கைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நான் நூறு தடவை சொன்னது காதில் விழுந்தது, கைக்குப் போய்ச் சேரவில்லை.

அதிகாரி நல்ல மனுஷர். அவள் கொடுத்த காபியைக் குடித்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "தூளு எல்லிதே?" என்றார் கன்னடத்தில். தூசி எங்கே இருக்கிறது என்று உண்மையாகவே கேட்டார். முந்தின நாள் பெய்த தூறலில் காற்றும் அடங்கிக் கிடந்தது. நான் பொட்டலங்களைக் காட்டினேன். மைக்ராஸ்கோப்பைப் பற்றிச் சொன்னேன். "நான் பாத்தத மட்டும்தாம்மா எழுத முடியும்" என்றார். வீடுகள் மிகச் சுத்தமாக இருக்கின்றன, தூசி எதுவும் காணப்படவில்லை என்று எழுதிக்கொண்டு மதிய ரயிலுக்குப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் நான் கத்தினேன். லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். உன் பொண்ணுக்காகத்தானே இவ்வளவும், நீயே கழுவி ஊத்திட்டியே, அறிவு கீதா உனக்கு என்றெல்லாம் கேட்டேன். அவள் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில அந்த நர்ஸம்மா எல்லாரு முன்னாடியும் கேட்டாங்க. வூட்ட ஒயுங்கா பெருக்கி வெச்சிருந்தா கொயந்தைக்கு ஏன் இளைக்கப் போவுதுன்னாங்க. வந்தவரும் அப்டியே நெனச்சிட்டா?"

எல்லாவற்றையும் கேட்கிற நான், அவள் மூன்று வேளை பெருக்குவது எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேலி மட்டும்தான் செய்திருக்கிறேன். ஆனாலும் கோபம் முழுசாகப் போகவில்லை.

அடுத்த வாரமே குழந்தையைக் குடியாத்தத்துக்கு அனுப்பினார்கள். அழைத்துப் போக மாமா வந்திருந்தார். ரயில் வந்ததும் அவள் முதலில் ஏறி, முந்தானையால் அந்தப் பலகை சீட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துடைத்தாள். பிறகுதான் மகளை உட்கார வைத்தாள். குழந்தை அழவில்லை. ஜன்னல் பக்கம் கிடைத்த குஷியில் இருந்தது. அவள் இறங்கி நின்று, ரயில் பங்காருப்பேட்டை பக்கம் போய் மறைகிற வரைக்கும் கையை ஆட்டினாள்.

ஒரு மாதம் கழித்து அவளுடைய அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். குழந்தைக்கு அங்கே ஒருமுறைகூட இளைப்பு வரவில்லையாம். ராத்திரி அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறாளாம். அதைச் சொல்லும்போது அவள் குரல் சந்தோஷமாக இருந்தது, முகம் அப்படி இல்லை.

"பாத்தியா, இதுதான் ஆதாரம்" என்றேன் நான், பெரிய மேதாவி மாதிரி. அவள் கடிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வருஷம் சங்கத்து அண்ணன் மறுபடி மனு எழுதினார். பெங்களூருக்கு இரண்டு முறை நேரிலும் போய் வந்தார். கடைசியில் அதே அதிகாரி ஆடியில் மறுபடி வருவதாகப் பதில் வந்தது. மேட்டைப் புல் போட்டு மூடிவிட்டால் குழந்தையைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்று அவள் மனசுக்குள் கோட்டை கட்டியிருந்தாள். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதுகூட அதைத்தான் சொல்வாள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ரொம்பப் புத்திசாலித்தனமான யோசனை என்று நினைத்தேன்.

"ஒரு வாரம் முன்னாடியே பாப்பாவ இஸ்துகினு வந்துடு. அந்தாளு வர்றப்ப அது மூச்சு வாங்குறத அவரே கேக்கட்டும். அதுக்கு மேல இன்னா வேணும்?"

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். அத்தனை வருஷத்தில் என்னை நீங்க வாங்க என்று தவிர அவள் பேசியதில்லை.

"உனுக்குப் புள்ள இருந்தா இப்படிச் சொல்லுவியா?"

எனக்குக் குழந்தை இல்லை. அதை லைனில் யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதும் இல்லை. வலித்தது. ஆனால் அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு குழந்தையை மூச்சுத் திணற வைத்து அதை ஒருவருக்குக் காட்டலாம் என்று, தட்டு வைப்பதுபோல, எனக்கு எப்படித் தோன்றியது என்று இன்றுவரை யோசிக்கிறேன். அன்று எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவளே வந்தாள். பழையபடி மரியாதையோடு பேசினாள்.

"யக்கா, அவரு வர இன்னும் எட்டு நாளு கீது. நான் பெருக்கமாட்டேன்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"வூட்ட பெருக்கமாட்டேன், தொடைக்கமாட்டேன். வந்து பாக்கட்டும்."

அந்த வருஷம் காற்று பேய்க் காற்று. முதல் நாள் ஜன்னல் விளிம்பு வெளுத்தது. மூன்றாம் நாள் அவள் கணவரின் கால் தடம் தரையில் தனியாகத் தெரிந்தது. "கீழ லெவல்ல எட்டு மணி நேரம் இதுலதான் கீறேன், மேல கொஞ்சம் இருந்தா இன்னா?" என்றார் அவர் என்னிடம். அவள் சோற்றுப் பாத்திரத்தை மூடிமேல் மூடி போட்டு வைத்தாள். வெள்ளிக்கிழமையும் துடைக்கவில்லை. சாமி படத்துக்கு மட்டும் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, அதன் முன்னால் விளக்கேற்றினாள். எதிர் வரிசைப் பெண்கள், அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, பெண்ணைப் பிரிந்த ஏக்கம் என்று பேசிக்கொண்டார்கள். நான் தினமும் போய்ப் பார்ப்பேன். ஆர்வம்தான், வேறென்ன. ஆறாம் நாள் அவள் துடைப்பத்தை என் கையில் கொடுத்து, "இத்த உங்க வூட்ல வெச்சிக்குங்க, என் கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றாள்.

அதிகாரி வந்தார். மற்ற வீடுகள் வழக்கம்போலக் கழுவி இருந்தன. நாங்கள் அவரை நேராக அவள் வீட்டுக்கு அழைத்துப் போனோம். அவள் கதவோரம் நின்றாள். தலையை நன்றாக வாரி, துவைத்த புடவை கட்டியிருந்தாள். அது ஒன்றை மட்டும் அவளால் விட முடியவில்லை போலிருக்கிறது.

"உக்காருங்க சார்" என்றாள்.

அவர் நாற்காலியைப் பார்த்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் அலமாரிமேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். அடுப்பை, கட்டிலை, துணி போட்ட சாமி படத்தைப் பார்த்தார். எத்தனை நாள் தூசி என்று கேட்டார். எட்டு நாள் என்று அவளே சொன்னாள். அவர் ஃபைலை மடியில் வைத்து, கார்பன் காகிதம் வைத்து எழுதினார். சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று என்னிடம் நீட்டினார்.

ஆங்கிலத்தில் இரண்டே வரி. வீட்டுக்குள் கனமான தூசிப் படலம் காணப்பட்டது என்பது முதல் வரி. வீட்டைச் சுத்தமாகப் பராமரிக்கவில்லை என்பது இரண்டாவது வரி. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சார், இந்த இரண்டாவது வரி வேண்டாமே என்று சொன்னேன். "நான் பாத்ததுதானேம்மா" என்றார். முதல் வரியை இழக்க எனக்கு மனமில்லை. கையெழுத்துப் போட்டேன். நகலை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் வாசலில் இறங்கிக் கைக்குட்டையை உதறினார்.

"இன்னாக்கா எழுதினாரு?" என்றாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது.

"வூட்டுக்குள்ள தூசி ஜாஸ்தின்னு எழுதிக் கீறாரு."

"என்னப் பத்தி ஒண்ணும் எழுதலியே?"

"இல்ல" என்றேன்.

அடுத்த மழைக்கு மேட்டின் ஒரு பக்கம் மட்டும் புல் நட்டார்கள். பாதி பிடித்தது, பாதி காய்ந்தது. அந்தப் பாதியை நம்பிக் குழந்தையை அழைத்து வர டாக்டர் சம்மதிக்கவில்லை. லீவுக்கு வந்து இரண்டு நாள் இருக்கும், மூன்றாம் நாள் மூச்சு இழுக்கும், அவளே ரயிலேற்றி அனுப்பிவிடுவாள். இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். அவர்கள் குடியாத்தத்துக்கே போய்விட முடிவு செய்தார்கள்.

சாமான் கட்டிய அன்று அவள் என்னிடம் வந்து, அந்த அதிகாரி எழுதிய காகிதம் வேண்டும் என்று கேட்டாள். மகள் இப்போது அங்கே இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறாளாம், நன்றாக வாசிக்கிறாளாம்.

"ஏன் என்ன அனுப்பிட்டன்னு கேட்டுகினே கீறாக்கா. நாம எவ்ளோ பாடுபட்டோம்னு அவளே படிச்சித் தெரிஞ்சிக்கட்டும்."

தொலைந்துவிட்டது என்று சொன்னேன். அவள் நம்பினாள். பரவால்லக்கா விடுங்க என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அந்தக் காகிதம் அப்போது நான் உட்கார்ந்திருந்த டிரங்குப் பெட்டிக்குள்தான் இருந்தது.